காருக்குப் பின்னால் ஒரு கொக்கி: யார் சோதிக்கிறார்கள்?

சனிக்கிழமை காலை, லண்டனின் வடமேற்குப் புறநகரில் ஒரு தெரு. வீட்டு முன்றிலில் பழைய கம்பளியை விரித்து, காரின் பின் பம்பரைக் குப்புறக் கிடத்தியிருக்கிறார்கள். பம்பர் கழன்ற காரைப் பார்க்கவே என்னவோ போலிருக்கிறது. பளபளப்பான சாயம் சட்டென்று முடிந்து, மங்கலான அலுமினியக் குறுக்குத்தண்டும், தொங்கும் பார்க்கிங் சென்சார் வயர்களும், புழுதி படிந்த நுரைக்கட்டியும் வெளியே தெரிகின்றன. பக்கத்தில் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த கறுப்பு இரும்பு. டோபார். ஒருவர் தனியாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் கனம். அதன் நுனியில் 50 மிமீ விட்டமுள்ள எஃகு உருண்டை.

மதியத்துக்குள் இரும்பு ஏறிவிட்டது. மாலையில் வயரிங் வேலை. இரவல் வாங்கிய டிரெய்லரை மாட்டி, காருக்குள் அக்காவின் கணவரை உட்காரவைத்துவிட்டு, தம்பி வெளியே நின்று குரல் கொடுக்கிறார்: “அத்தான், பிரேக்கை ஒருக்கா மிதியுங்கோ.” டிரெய்லரின் சிவப்பு விளக்கு எரிகிறது. வலது இண்டிகேட்டரைப் போட்டால் வலது விளக்கு துடிக்கிறது. அதோடு எரியக் கூடாத இன்னொரு விளக்கும் மங்கலாகத் துடிக்கிறது. காரின் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை. மறுநாள் காலை இதே டிரெய்லரில் பழைய சோபாவை ஏற்றிக்கொண்டு குப்பை மையத்துக்குப் போவதாகத் திட்டம்.

போகலாமா, கூடாதா? அந்த முன்றிலில் பதில் சொல்லக்கூடியவர் எவருமில்லை. பிரிட்டனில் வசந்தம் தொடங்கிவிட்டால் இந்தக் காட்சி பல தெருக்களில் நடக்கிறது. கேரவன், படகு, தோட்டக் குப்பை, வீடு மாற்றும் சாமான், சைக்கிள் தாங்கி என்று காரணங்கள் பல. கடையில் பொருத்தக் கேட்கும் கூலி சில நூறு பவுண்டு என்பதால், தானே மாட்டிக்கொள்கிறவர்களும் பலர்.

ஒரு தேர்வு போனது

1997 ஜனவரி 1 முதல் கார் உரிமம் பெற்றவர்கள் கனமான டிரெய்லரை இழுக்க வேண்டுமானால், அதற்கென்று தனியாக ஓட்டிக் காட்டித் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. லாரி ஓட்டுநர் பற்றாக்குறை நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். டிரெய்லர் தேர்வை நிறுத்தினால் தேர்வாளர்களுக்கு நேரம் மிச்சமாகும், ஆண்டுக்குச் சுமார் 30,000 லாரித் தேர்வுகளைக் கூடுதலாக நடத்தலாம் என்று அரசு கணக்குச் சொன்னது. இப்போது முழு உரிமம் உள்ள எவரும் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம், அவர் கார் அதற்கு இடம்கொடுத்தால்.

ஆக, இழுக்கிறவருக்குத் தேர்வு இல்லை. டோபார் மாட்டுகிறவரிடம் தகுதிச் சான்று கேட்பார் இல்லை. 3,500 கிலோ வரையிலான டிரெய்லருக்கு ஆண்டுச் சோதனையும் இல்லை. எம்ஓடி என்ற காரின் ஆண்டுச் சோதனை மட்டும் டோபாரை எட்டிப் பார்க்கிறது. புதுக் காருக்கு அதுவும் மூன்று ஆண்டு கழித்துத்தான். இடையில் இருப்பது முன்றிலில் ஸ்பேனர் பிடித்திருப்பவரின் கவனம் ஒன்றுதான்.

வீட்டிலேயே செய்யலாம். நிதானமும் சரியான கருவியும் இருப்பவர்கள் அவசரப்படும் பட்டறைகளைவிட நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்கிறவர் பட்டறைக்காரரின் வேலையோடு சோதனையாளரின் வேலையையும் சேர்த்துத் தலையில் எடுத்துக்கொள்கிறார். இந்த இரண்டாவது வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் தகடு, பிறகு ஸ்பேனர்

காரின் கதவுத் தூணிலோ இன்ஜின் அறையிலோ ஒரு சிறிய தகடு ஒட்டியிருக்கும். அதில் வரிசையாக எடைகள். முதல் எண், ஆளும் சாமானும் ஏறிய கார் எட்டக்கூடிய உச்ச எடை. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடை. அடுத்த இரண்டும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் அளவு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பாருங்கள். உதாரணமாக 3,320-லிருந்து 1,920-ஐக் கழித்தால் 1,400 கிலோ. முழுப் பாரம் ஏற்றிய கார் இழுக்கக்கூடியது அவ்வளவுதான். இரண்டாவது எண்ணே இல்லையா? அந்தக் கார் இழுப்பதற்கென்று அனுமதி பெறவில்லை. அதற்குப் பொருந்தும் டோபார் கடையில் கிடைக்கிறது என்பதால் மட்டும் அனுமதி வந்துவிடாது.

இந்த எண்ணை உற்பத்தியாளர் தோராயமாக எழுதிவிடுவதில்லை. டிரெய்லரோடு 12 சதவீதச் சரிவில் நின்று, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை மேல்நோக்கிப் புறப்பட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி வைக்கும் சோதனை. கிளட்ச் கருகாமல், இன்ஜின் திணறாமல் அதைத் தாண்டினால்தான் எண். “என் கார் இன்னும் அதிகம் இழுக்கும்” என்று சமதளத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறவர்கள் அந்தச் சரிவை நினைத்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் தொழிற்சாலையிலேயே டோபார் கேட்டு வாங்கினால் கூடுதல் சக்தியுள்ள குளிர்விசிறியும் சேர்ந்து வரும். பிற்பாடு வீட்டில் மாட்டுகிறவருக்கு அது தானாக வராது.

மின் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். மின் மோட்டாருக்கு இழுவிசை தாராளம்தான். ஆனாலும் பல மின் கார்களுக்கு இழுவை எண் பூஜ்யம். நிஸான் லீஃபின் முதல் இரு தலைமுறைகளும் இழுக்க அனுமதி பெறாதவை. டெஸ்லா மாடல் 3-க்கு ஐரோப்பாவில் 1,000 கிலோ வரை அனுமதி உண்டு. வேறு சில மின் கார்களில் உருண்டையின்மேல் சைக்கிள் தாங்கியை வைக்கலாம், டிரெய்லரை இழுக்கக் கூடாது. மின் காரின் அடியில் ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் அது உயர் அழுத்த மின்சாரம் ஓடும் பாதை. அதன் பக்கத்தில் துளைபோடும் கருவியைக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து டோபாரையே தேர்ந்தெடுப்பது. 1998 ஆகஸ்ட் 1 முதல் பதிவான கார்களுக்கு வகை ஒப்புதல் பெற்ற டோபார்தான் மாட்ட வேண்டும். ஒப்புதல் எண்ணும், அது தாங்கும் இழுவிசையும், உருண்டையின் மேல் வைக்கக்கூடிய உச்சப் பாரமும் அதன் தகட்டில் பொறித்திருக்கும். இழுவிசையைக் கிலோநியூட்டனில் ‘டி மதிப்பு’ என்று குறிப்பிடுவார்கள். காரின் எடையையும் டிரெய்லரின் எடையையும் டன்னில் எடுத்து, இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்கினால் உங்களுக்குத் தேவையான அளவு வரும். 1.9 டன் கார், 1.5 டன் டிரெய்லர் என்றால் சுமார் 8.2. தகட்டில் அதற்குக் குறைந்த எண் இருந்தால் அந்த டோபார் வேண்டாம். பழைய காரிலிருந்து கழற்றி விற்கும் டோபாரில் தகடு துருப்பிடித்து எண்ணே படிக்க முடியாமல் இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

---

பெட்டிச் செய்தி: பிரிட்டனில் மனத்தில் வைக்க வேண்டிய எண்கள்

750 கிலோ: இதற்கு மேல் உச்ச எடையுள்ள டிரெய்லருக்குத் தன் பிரேக் கட்டாயம். பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவையோ, காரின் சொந்த எடையில் பாதியையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

2.55 மீட்டர் அகலம், 7 மீட்டர் நீளம்: கார் இழுக்கும் டிரெய்லரின் உச்ச அளவு.

50 மைல், 60 மைல்: ஒற்றைப் பாதைச் சாலையில் மணிக்கு 50, இரட்டைப் பாதையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்று அல்லது அதற்கு மேல் தடமுள்ள மோட்டார்வேயில் வலக்கோடித் தடத்துக்குப் போகக் கூடாது.

350 முதல் 420 மிமீ: பாரம் ஏறிய நிலையில் தரையிலிருந்து உருண்டையின் மையம் இருக்க வேண்டிய உயரம்.

2,500 பவுண்டு: அபாயகரமான நிலையில் வண்டி ஓட்டினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம். அதோடு உரிமத்தில் 3 புள்ளி. ஓட்டத் தடையும் வரலாம்.

---

இரும்பு ஏறும் விதம்

வேலையின் இந்தப் பகுதி பார்க்கப் பயமாக இருக்கும், செய்ய எளிது. சக்கர வளைவுக்குள் இருக்கும் திருகுகள், டிக்கி ஓரத்து ரப்பரின் அடியில் ஒளிந்திருப்பவை, அடியில் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகள் எல்லாவற்றையும் கழற்றினால் பம்பர் கையோடு வரும். கடைசியில் இழுக்கும் முன் சென்சார் இணைப்பைக் கழற்ற மறந்தால் வயர் அறுந்துவிடும். அதற்குள்ளே மோதலைத் தாங்கும் குறுக்குத்தண்டு. பல கார்களில் அதை எடுத்துவிட்டு, டோபாரின் இரண்டு கைகளை சேசிஸுக்குள் செருகி, உற்பத்தியாளர் ஏற்கெனவே பற்றவைத்திருக்கும் நட்டுகளில் போல்ட்டை முடுக்குவார்கள். பம்பரின் அடியில் கொக்கிக்காக வெட்ட வேண்டிய துண்டுக்குக் காகித அச்சு பெட்டியிலேயே இருக்கும்.

அந்தப் பழைய குறுக்குத்தண்டைத் தூக்கி எறியாதீர்கள். டோபார் இருக்கும்வரை பின்மோதலின் விசையை டோபாரே வாங்கிக்கொள்ளும். நாளைக்குக் காரை விற்கும்போது டோபாரைக் கழற்றிக்கொண்டு, பழைய தண்டை மாட்டாமல் பம்பரை மட்டும் மூடிவிட்டால், வெளியே பார்க்க எந்தக் குறையும் தெரியாது. பின்னால் ஒரு வேன் வந்து இடிக்கும்போது பின் இருக்கையில் இருப்பவர்களுக்கும் இடிக்கும் வேனுக்கும் இடையில் பிளாஸ்டிக் மட்டுமே இருக்கும். இப்படி விற்கப்பட்ட காரை வாங்குகிறவர் பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் கண்டுபிடிக்க வழியே இல்லை.

வீட்டில் செய்பவர்கள் இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள். காரின் அடியில் துருப்பிடிக்காமல் இருக்க மெழுகும் தார் போன்ற பூச்சும் அடித்திருப்பார்கள். டோபாரின் இரும்பு காரின் இரும்போடு தொடும் இடத்தில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காமல் முடுக்கினால் முதல் நாள் இறுக்கமாகத்தான் இருக்கும். ஓட ஓடப் பூச்சு நசுங்கும். போல்ட்டின் இழுவிசை குறையும். இறுக்கம் தளர்ந்த போல்ட் ஒவ்வொரு குலுக்கலிலும் சிறிது அசைந்து அசைந்து களைத்து ஒருநாள் அறுந்துபோகும். சுரண்டிய இடத்தின் ஓரங்களுக்குத் துருத்தடுப்புச் சாயம் மறக்காமல் பூச வேண்டும்.

முடுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. 8.8 தர எம்12 போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர், உருண்டையைப் பிடித்திருக்கும் எம்16 போல்ட்டுகளுக்குச் சுமார் 200 என்ற அளவில் கையேடுகள் கேட்கும். உங்கள் டோபாரோடு வந்த காகிதத்தில் இருக்கும் எண்ணே இறுதி. கைக்கணக்கில் முடுக்குகிறவர்கள் எம்12-ஐ அதிகமாகவும் எம்16-ஐக் குறைவாகவும் முடுக்கிவிடுவார்கள். பெரிய போல்ட்டுக்கு 200 என்பது நீண்ட கைப்பிடியில் உடம்பின் பாரத்தைப் போட்டால்தான் எட்டும். பெரும்பாலான கையேடுகள் 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்கிப் பார்க்கச் சொல்கின்றன.

வம்பு வயரில்தான்

கடினமான வேலை முடிந்தது என்று பம்பரைத் திரும்ப மாட்டும்போதுதான் உண்மையில் கடினமான வேலை தொடங்குகிறது.

பழைய கார்களில் இது ஒரு மணி நேர வேலை. பின்விளக்குக்குப் போகும் ஒவ்வொரு வயரிலும் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை அழுத்தினால், அதன் உலோக நாக்கு வயரின் தோலைக் கிழித்து உள்ளே தொட்டுக்கொள்ளும். டிரெய்லரின் விளக்குக்கு மின்சாரம் போய்விடும். இன்றும் பலர் இதையே செய்கிறார்கள். ஆனால் இன்றைய காரில் விளக்கைப் போடுவது சுவிட்ச் அல்ல, ஒரு கணினி. அது ஒவ்வொரு பல்பும் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கிறது. காரின் எல்இடி விளக்குக்குச் சொற்ப மின்சாரம் போதும். அதே வயரில் டிரெய்லரின் 21 வாட் பல்பைத் தொற்றவைத்தால் கூடுதலாக 1.75 ஆம்பியர் ஓடும். பிரேக் லைட் இரண்டுக்கும் சேர்த்து 3.5 ஆம்பியர். கணினி இதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு அந்த விளக்கையே அணைத்துவிடும். அப்போது டிரெய்லரின் பிரேக் லைட்டோடு காரின் பிரேக் லைட்டும் போய்விடும். சில கார்களில் ஒரே வயர்தான் பின்விளக்குக்கும் பிரேக் லைட்டுக்கும். மின்சாரத்தை நொடிக்குப் பலநூறு முறை வெட்டி வெட்டி அனுப்பி, மங்கலாகவும் பிரகாசமாகவும் எரியவைப்பார்கள். அங்கே கிளிப்பைப் போட்டால் டிரெய்லருக்குப் புரியாத மொழியில் மின்சாரம் போகும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பைபாஸ் ரிலே. காரின் விளக்கு வயரிலிருந்து சைகையை மட்டும் எடுத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து டிரெய்லருக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு பெட்டி. இன்னொன்று, அந்தந்தக் காருக்கென்றே செய்த வயரிங் கிட். எதையும் வெட்டாமல் காரின் இணைப்புகளில் செருகிவிடலாம். காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற பாதையில் இதுவும் சேர்ந்துகொள்ளும். விலை கூடுதல். என் பரிந்துரை தயக்கமில்லாமல் இரண்டாவதுதான். டிரெய்லர் மாட்டியிருக்கிறது என்று காருக்குத் தெரிந்தால், பின்சென்சார் டிரெய்லரைப் பார்த்துக் கத்தாது. காரின் பனிமூட்ட விளக்கு அணைந்து டிரெய்லரினது எரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, டிரெய்லர் ஆட்டம் கண்டால் சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடித்து அடக்கும் வசதி பல கார்களில் உண்டு. டிரெய்லர் இருப்பதே தெரியாத காரில் அது விழித்துக்கொள்ளாது. மலிவான வயரிங்கில் மிச்சம் பிடிக்கும் பணம் இந்த வசதியைத்தான் விலையாகக் கேட்கிறது.

கிட்டைச் செருகியதும் வேலை முடிவதில்லை. பல கார்களில் “உனக்கு இனி டிரெய்லர் உண்டு” என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் கோடிங் தேவை. வீட்டில் அந்தக் கருவி இல்லாதவர்கள், இரும்பையும் வயரையும் தாங்களே முடித்துவிட்டுக் கோடிங்குக்கு மட்டும் நிபுணரிடம் போகலாம். நியாயமான பிரிவினை அது.

பேட்டரியிலிருந்து வரும் தனி வயரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். டிக்கியில் கைக்கு எட்டும் வசதிக்காகப் பின்னால் பியூஸ் போட்டால், முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஓடும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. கம்பளத்தின் அடியில் எங்காவது தோல் உரிந்து இரும்பைத் தொட்டால், பியூஸ் போகாமல் வயர் பழுக்கும். அந்தப் பாதையில் இருக்கைக்கடியில் மஞ்சள் நிற இணைப்புகள் தென்பட்டால் கைவைக்காதீர்கள், அவை ஏர்பேக்குக்கு உரியவை. வேலை தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வயர் வெளியே போகும் துளைக்கு ரப்பர் வளையம் வேண்டும், இடைவெளி விடாமல் அடைக்கவும் வேண்டும். திறந்த துளையில் மழைநீர் வந்து டிக்கிக் குழியில் தேங்கும், புது மின்பெட்டி அதில் ஊறும். அதைவிட மோசம், புகைக்குழாயின் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தத் துளை வழியாகப் புகை உள்ளே வருவது.

முன்றிலில் மங்கலாகத் துடித்த அந்த இரண்டாவது விளக்குக்கு வருவோம். டிரெய்லரின் எல்லா விளக்கிலிருந்தும் மின்சாரம் திரும்பி வர ஒரே பொதுவழி, வெள்ளை நிற எர்த் வயர். அந்த இணைப்பு துருவேறியோ சாயத்தின்மேல் முடுக்கப்பட்டோ சரியாகத் தொடாவிட்டால், இண்டிகேட்டரின் மின்சாரம் திரும்பும் வழி தேடி வேறொரு பல்புக்குள் பின்பக்கமாக நுழையும். சம்பந்தமில்லாத விளக்கு துடிப்பதற்கு அதுதான் காரணம். இந்தக் குறையோடு சாலையில் இறங்கினால், பிரேக் மிதித்ததும் எல்லா விளக்கும் அரைகுறையாக மினுக்கும். பின்னால் வருபவருக்கு நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று விளங்காது. தமிழ்நாட்டுச் சாலையில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரின் பின்னால் இரவில் ஒருமுறையாவது அவசரப் பிரேக் போட்டவருக்கு இதன் பொருள் தெரியும். எர்த் தொடும் இடத்தில் சாயத்தைச் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

---

பெட்டிச் செய்தி: நிறம் ஒன்று, வேலை வேறு

தமிழர்கள் அதிகம் வாழும் மூன்று நாடுகளில் டிரெய்லர் வயரின் நிறங்கள் ஒன்றுபோலவே இருக்கும், வேலைகள் மாறும். ஒரு நாட்டில் கற்ற பாடத்தை இன்னொரு நாட்டில் நம்பி இணைத்தால் ஆபத்து.

பிரிட்டன், 7 பின்: மஞ்சள் இடது இண்டிகேட்டர், நீலம் பனிமூட்ட விளக்கு, வெள்ளை எர்த், பச்சை வலது இண்டிகேட்டர், பழுப்பு வலது பின்விளக்கு, சிவப்பு பிரேக் லைட், கறுப்பு இடது பின்விளக்கு. புதிய கேரவன்களில் உள்ள 13 பின் சாக்கெட்டில் இவற்றோடு ரிவர்ஸ் விளக்கும் உள்ளே தேவைப்படும் மின்சாரமும் சேரும்.

ஆஸ்திரேலியா, 7 பின்: மஞ்சளும் பச்சையும் வெள்ளையும் சிவப்பும் மேலே சொன்னபடியே. ஆனால் நீலம் டிரெய்லரின் பிரேக்குக்கு, கறுப்பு ரிவர்ஸுக்கு, பழுப்பு இருபக்கப் பின்விளக்குக்கும்.

கனடா, 4 பின்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு. மஞ்சள் வயரில் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும் சேர்ந்தே வரும், பச்சையில் வலது இண்டிகேட்டரும் பிரேக்கும். உருண்டையும் அங்கே அங்குலக் கணக்கு.

---

முன்பாரம், பின்பாரம்

எல்லாம் சரியாக மாட்டியாயிற்று. இனி நடப்பது ஏற்றும் விதத்தைப் பொறுத்தது. மாட்டு வண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் கூடினால் நுகம் தூக்கிக்கொள்ளும். ஒற்றை அச்சு டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். கொக்கியின்மேல் கீழ்நோக்கி அழுத்தும் பாரம், டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் பின்பற்றும் அளவு. 1,200 கிலோ கேரவனுக்கு 60 முதல் 84 கிலோ. காரும் டோபாரும் தனித்தனியாக ஓர் உச்சம் சொல்லும், அதில் குறைந்ததைத் தாண்டக் கூடாது.

பின்பாரம் கூடிய டிரெய்லரின் விளைவு ஊருக்குள் தெரியாது. மெதுவாக ஓடும்போது காற்றோ குழியோ டிரெய்லரை ஒரு பக்கம் தள்ளினால் அது இருமுறை ஆடி அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அடங்குவதற்குப் பதில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பாரத்தை இரு முனைகளிலும் வைத்தாலோ, பின்னால் குவித்தாலோ அந்த வேகம் கீழே இறங்கிவிடும். சரிவில் இறங்கும்போது, பெரிய லாரி கடந்துபோகும் காற்றில், ஓட்டுநர் எதிர்பாராத கணத்தில் ஆட்டம் தொடங்கும். சில நொடிகளில் வால் காரையே திருப்பிவிடும். மோட்டார்வே ஓரத்தில் கவிழ்ந்து உடைந்து கிடக்கும் கேரவன்கள் பலவற்றின் கதை இதுதான்.

ஆட்டம் தொடங்கினால் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது, பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சொல்வோர் பேச்சைக் கேட்காதீர்கள். புதிதாக இழுப்பவர்களுக்கு, டிரெய்லரின் எடை காரின் சொந்த எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று கேரவன் அமைப்புகள் சொல்கின்றன. சட்டம் அப்படிக் கேட்கவில்லை. ஆனாலும் தேர்வு போய்விட்ட காலத்தில் அதைச் சட்டம் போலவே கடைப்பிடிப்பது நல்லது.

பெட்மின்ஸ்டர், 2014

2014 ஜனவரியில் பிரிஸ்டல் நகரின் பெட்மின்ஸ்டர் பகுதியில் லேண்ட் ரோவர் ஒன்றிலிருந்து சுமார் இரண்டு டன் டிரெய்லர் கழன்றது. அது நடைபாதையில் ஏறி, தாயோடு நடந்துகொண்டிருந்த மூன்று வயதுச் சிறுவனைக் கொன்றது. பெற்றோர் அதன்பின் டிரெய்லர் பாதுகாப்புக்காகப் பிரசாரம் செய்தார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. 2018-இல் வந்த சரக்கு அனுமதி மற்றும் டிரெய்லர் பதிவுச் சட்டத்தின் விவாதங்களிலும் அது எதிரொலித்தது. இருந்தும் அந்தச் சட்டத்தின் கட்டாயப் பதிவு வெளிநாடு போகும் டிரெய்லர்களுக்கே. உள்நாட்டில் ஓடும் சிறு டிரெய்லருக்கு ஆண்டுச் சோதனை இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்பதே என் கருத்து. ஓட்டுநர் தேர்வை நீக்கிய அரசு, அந்த இடத்தில் வண்டிச் சோதனையையாவது வைத்திருக்க வேண்டும். ஒரு காரின் தேய்ந்த டயரைத் தேடிப் பிடிக்கும் நாடு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓடும் இரண்டு டன் டிரெய்லரின் டயரை யாரும் பார்க்காமல் விடுவதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் வரும்வரை நாமே செய்யக்கூடியவை சில. கொக்கியை மாட்டியதும் டிரெய்லரின் முன்சக்கர ஜாக்கியை இன்னும் சில சுற்றுச் சுற்றி, காரின் பின்பகுதியே மேலெழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். உருண்டையை டிரெய்லரின் கொக்கி சரியாகக் கவ்வவில்லை என்றால் அங்கேயே கழன்றுவிடும், சாலைக்குப் போய்க் கழலாது. பிரேக் உள்ள டிரெய்லரில் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி தொங்கும். டிரெய்லர் கழன்றால் அந்தக் கம்பி இழுபட்டு டிரெய்லரின் பிரேக்கைப் போட்டுவிட்டு அறுந்துபோகும். அதை உருண்டையின் கழுத்தில் சும்மா சுற்றிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சுற்றிய கம்பி கழுத்திலிருந்து நழுவினால் பிரேக் விழாது. டோபாரில் அதற்கென்று வளையம் இருந்தால் அதில்தான் மாட்ட வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்குக் கம்பிக்குப் பதில், கழன்றாலும் டிரெய்லரின் முன்முனை தரையில் குத்தாத அளவு நீளமுள்ள சங்கிலி.

உருண்டையும் தேயும். 50 மிமீ 49-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். சாதாரணக் கொக்கிக்கு உருண்டையில் கிரீஸ் தடவ வேண்டும். உராய்வால் ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் கொக்கி என்றால் கிரீஸ் துளியும் இருக்கக் கூடாது, கழுத்து நீண்ட உருண்டையும் வேண்டும்.

இன்சூரன்ஸ், எம்ஓடி, மறுவிற்பனை

டோபார் மாட்டுவது காரில் செய்யும் மாற்றம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் கூடுதல் பணம் கேட்க மாட்டார்கள், ஆனால் சொல்லாமல் விட்டது விபத்துக்குப் பிறகு தெரிந்தால் இழப்பீட்டில் கைவைக்க அது காரணமாகும். மாட்டியிருக்கும் டிரெய்லர் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கு வழக்கமாகக் காரின் காப்பீடே பொறுப்பேற்கும். டிரெய்லருக்கும் அதிலுள்ள சாமானுக்கும் தனியாக எடுக்க வேண்டும். தவணையிலோ குத்தகையிலோ இருக்கும் கார் என்றால் உரிமையாளரான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் பம்பரில் கத்தி வைக்காதீர்கள்.

எம்ஓடியில் டோபாரின் துரு, தளர்வு, தேய்மானம், சாக்கெட்டின் நிலை எல்லாம் பார்ப்பார்கள். டிரெய்லர் இல்லாதபோது உருண்டை காரின் நம்பர் பிளேட்டை மறைத்தால் அது குற்றம். கழற்றக்கூடிய கழுத்துள்ள டோபாராக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. டிரெய்லரின் பின்னால் காரின் எண்ணையே மஞ்சள் பலகையில் விளக்கோடு மாட்ட வேண்டும். அகலமான டிரெய்லர் என்றால் பக்கக் கண்ணாடிக்கு நீட்டிப்பும் வேண்டும்.

எந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும்? சேசிஸில் புதிதாகத் துளை போடச் சொன்னால், நட்டின் மரை சிதைந்து போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால், முன்பு மோதிச் சரிசெய்த காரின் பின்பகுதியில் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால், நிபுணரிடம் கொண்டுபோங்கள். இரும்பைத் தட்டி வளைத்துப் பொருத்துவதோ, துளையை அரத்தால் அகலப்படுத்துவதோ வகை ஒப்புதலை அந்த நிமிடமே செல்லாததாக்கிவிடும்.

வேலை முடிந்தபின் டோபாரோடு வந்த காகிதம், ஒப்புதல் தகட்டின் படம், போல்ட்டுகளை எத்தனை நியூட்டன் மீட்டரில் எந்தத் தேதியில் முடுக்கினீர்கள் என்ற குறிப்பு, 1,000 கிலோமீட்டருக்குப் பின் மறுபடி பார்த்த தேதி, கோடிங் செய்த ரசீது எல்லாவற்றையும் காரின் சர்வீஸ் புத்தகத்தோடு வையுங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கப்போவது அவற்றைத்தான். காரை விற்கும் நாளில் வாங்குகிறவரிடம் அந்த உறையையும், கழற்றி வைத்த பழைய குறுக்குத்தண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.